எந்த நீரில் இறங்குவது?

சென்னையில் வசிக்கும் ஒருவர் தம் குழந்தைக்கு நீச்சல் பழக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், அதன் பிறகு அவருக்கு எஞ்சியிருக்கும் வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். கடற்கரைச் சாலையில் மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் கட்டிய பெரிய நீச்சல் வளாகம் இருக்கிறது. தனியார் குளங்களும் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. எது வீட்டுக்குச் சமீபம், எதில் கட்டணம் குறைவு, எங்கே ஜலம் தெளிவாக இருக்கிறது, எங்கே பெண் குழந்தைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்திலோ பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலோ ஒரு கிராமத்தில் வளரும் பிள்ளைக்கும் இடங்கள் பல உண்டு. பக்கத்துக் காட்டுக் கிணறு, மண் எடுத்த ஏரி, கைவிடப்பட்ட கல்குவாரிக் குழி, அணைக்கட்டின் நீர்ப்பரப்பு, காவிரியின் பாறை இடுக்கு ஆகிய இவற்றுள் எதில் இறங்குவது என்பதை அந்தப் பிள்ளைக்காக யாரும் விசாரிப்பதில்லை. சித்திரை வெயில் கொளுத்தும் விடுமுறை நாளில் நாலு பிள்ளைகள் தாமே கூடித் தாமே தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் பிசகும்போது, மறுநாள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் அது நாலு வரிச் செய்தியாக வந்து, அதற்கு மறுநாள் மறந்தும் போகிறது.

நீரில் ஆடுவது நம் ஜனங்களுக்குப் புதிதாக வந்த பழக்கம் அன்று. புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதியவர், கோலூன்றி இருமிக்கொண்டு நிற்கும் வயதில், இளமையில் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து நீராடியதையும், நீருக்குமேல் தாழ்ந்திருந்த மருத மரக்கிளையில் ஏறிக் கரையிலிருந்தவர்கள் வியக்கும்படி குதித்ததையும், ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிவந்து காட்டியதையும் எண்ணி ஏங்குகிறார். அந்தப் பாட்டை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு: அந்தச் சிறுவன் குதித்தபோது கரையில் ஆட்கள் இருந்தார்கள். கரையில் ஆள் இருந்ததனால்தான் அந்தச் சிறுவன் முதியவனாகிப் பாட்டுப் பாட முடிந்தது.

நான் நீச்சல் பழகியது பாலக்கோட்டுப் பக்கத்தில் என் தாய்மாமனுடைய கிணற்றில். காய்ந்த சுரைப்புருடையை என் முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, அதன் மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டு, ‘கையைக் காலை அடிச்சிக்கிட்டே இருடா, தண்ணி உன்னைத் தாங்கும்’ என்று அவர் மேலேயிருந்து சத்தமிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ‘என்னைக் கேக்காம ஒருத்தனும் எறங்கக் கூடாது.’ அந்தக் கிணற்றில் எத்தனையாவது படிக்குமேல் நீர் நின்றால் எவ்வளவு ஆழம், எந்த மூலையில் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆழம் தெரிந்த நீர், ஏறி வரப் படி, கரையில் ஒரு பெரியவர் என்ற இம்மூன்றும் அந்த எளிய ஏற்பாட்டில் கிரமமாக அமைந்திருந்தன. எந்த நாட்டு நீச்சல் குளமானாலும் அதன் பாதுகாப்பு நிற்பது இம்மூன்றின் மேல்தான் என்பதை நான் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். இன்னொன்றும் பிற்காலத்தில்தான் உறைத்தது. அந்தக் கிணற்றுக்கு ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு இப்போது கலைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடிகள் இறங்கிப் போன பிறகு திறந்த கிணறுகள் பல வறண்டு கிடக்கின்றன. நீர் உள்ளவற்றிலும் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் இருந்ததுபோல் நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீச்சல் தெரிந்த மாமன்மார் வேலை தேடிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போயிருக்கிறார்கள். நீர் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் இடத்தில் நீர் இல்லை என்ற இந்த நிலையில், பிள்ளைகளின் நீர்வேட்கை மட்டும் முன்னைப்போலவே இருக்கிறது.

ஆகையால் நம் மாவட்டத்து நீர்நிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, நீந்துவதற்கு அவை எவ்வளவு தகுதியுடையவை என்று சிந்திப்பது அவசியமாகிறது. முதலில் கிணறு. பாறையை வெட்டித் தோண்டிய நம் கிணறுகளில் சுவர் செங்குத்தாக இறங்கும். படி சிதைந்த கிணற்றில் நீர் பாதிக்குக் கீழே போய்விட்டால், நீச்சல் தெரிந்தவனும் களைத்த பிறகு ஏறிவரப் பிடிப்பு இராது. இரண்டாவது ஏரி. கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்போலத் தோன்றும். ஆனால் வண்டலுக்காகவும் கிராவலுக்காகவும் இயந்திரத்தைக்கொண்டு அள்ளிய குழி நீருக்கடியில் எங்கே தொடங்குகிறது என்பது கலங்கிய நீரில் தெரியாது. ஓர் அடி வைத்தால் இடுப்பளவு, அடுத்த அடியில் ஆள் ஆழம். மூன்றாவது கல்குவாரிக் குழி. நீல நிறத்தில் தெளிந்து நின்று மனத்தைக் கவர்வது அதுதான். சரிவே இல்லாமல் நேராக இறங்கும் ஆழமும், மேல்நீர் சுட்டாலும் உள்ளே உடம்பைத் திடீரென விறைக்கவைக்கும் குளிர்ச்சியும் சேர்ந்து, எல்லாவற்றிலும் கொடியதும் அதுதான். நான்காவதாகப் பாலித்தீன் தாள் விரித்த பண்ணைக்குட்டை. பயிருக்கு அது மகா உபகாரம். தவறி விழுந்த குழந்தைக்கோ அதன் வழுக்கும் சரிவு ஒரு பொறி. நீர்வரத்துள்ள பண்ணைக்குட்டையின் ஓரத்தில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் ஓர் உயிர் மிஞ்சும். அதற்கு ஆகும் செலவு அற்பம்.

பிறகு ஆறுகள். தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து தீர்த்தமலை ஏறுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அந்த ஆறு பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். நதியைத் தாய் என்று வணங்குகிறவர்கள் அந்தத் தாயின் உடம்பில் என்ன கலந்திருக்கிறது என்று பரிசோதித்து அறிவிக்கும்படி கேட்பதில் பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் கால் வைக்கும் ஒகேனக்கல்லோ வேறு தன்மையது. அங்கே அருவிக்கு அடியில் கம்பித் தடுப்புக்குள் நின்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஸ்நானம். பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றில் இறங்கி நீந்த முயல்வது விபரீதம். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அந்தத் தடையைத் தங்கள் உல்லாசத்துக்கு வந்த இடையூறாக நினைக்கிறார்கள். அங்கே பரிசல் தள்ளிப் பிழைக்கும் ஓட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். மேலே வழவழவென்று ஓடும் நீருக்கடியில் சுழல் எங்கே இழுக்கும், பாசி படிந்த பாறை எங்கே காலை வாரும் என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். நீரோடு பிறந்து வளர்ந்த அவர்களே உயிர்காக்கும் கவச உடை இல்லாமல் பயணிகளை ஏற்றக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டிருக்கும்போது, இரண்டு மணி நேரம் தங்க வந்தவர் நதியை எதிர்த்துத் தைரியம் காட்டுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

எஞ்சியிருப்பது கட்டிய நீச்சல் குளம். இதிலும் பார்த்துத் தெரிந்தெடுக்கச் சில அடையாளங்கள் உண்டு. இவற்றை அறிந்துகொள்ளப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை. மிக ஆழமான பகுதியின் ஓரத்தில் நின்று பாருங்கள். அடித்தரையில் போட்ட கோடு ஸ்பஷ்டமாகத் தெரிந்தால் நீர் வடிகட்டப்படுகிறது என்று அர்த்தம். மங்கலாகத் தெரிந்தால் அங்கே குழந்தையை இறக்காதீர்கள். ஏனென்றால் அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் அங்கே யாருக்கும் தெரியாது. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் நீர் மிகச் சுத்தமாக இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நெடி பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் வேதிப்பொருளினால் வருவது. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் நின்று, கார அமில அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கும் நல்ல குளத்தில் கண் எரிச்சலும் நெடியும் குறைவாகவே இருக்கும். இறங்குமுன் குளித்துவிட்டு வரும்படி கண்டிப்புச் செய்கிறார்களா, ஆழம் ஓரத்தில் எழுதியிருக்கிறதா, உயிர்காப்பாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால், தேர்வு முடிந்துவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம். குடிநீரில் புளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் கெட்டுத் தவித்த மாவட்டம் இது; ஜப்பானின் கடனுதவியோடு நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகுதான் காவிரி நீர் நம் வீடுகளுக்கு வந்தது. இப்பேர்ப்பட்ட பிரதேசத்தில் நீந்துவதற்காக நீரைத் தேக்கலாமா? கணக்கைப் பார்ப்போம். 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்துக்கு 3,75,000 லிட்டர் நீர் வேண்டும். இது கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். ஆனால் வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் குளத்தில் இந்த நீரை ஒரு முறை நிரப்பினால் போதும். வெயிலில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், அன்றாட இழப்பு ஏறக்குறைய 2,000 லிட்டர். வடிகட்டியைக் கழுவும் நீர் அதற்கு மேல் கொஞ்சம். அந்தக் கழுவுநீரையும் குளோரின் அடங்கவிட்டு மரங்களுக்குப் பாய்ச்சலாம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உயிர் பிழைக்கும் வித்தை கற்றுக்கொள்ள இது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வித்தைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை எண்களே சொல்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2020 முதல் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவில் 35,000-க்கு மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி மாண்டிருக்கிறார்கள். 2021-இல் உலகம் முழுவதும் இவ்வாறு இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் என்றும், அவர்களில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் ஊர்களில் இந்தத் துக்கம் பல சமயம் தனியாக வருவதில்லை. ஒரு பிள்ளை வழுக்கி விழ, அவனைப் பிடிக்க அண்ணன் குதிக்க, இருவரையும் பிடிக்கத் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை இறங்க, ஒரு குடும்பமே போய்விடுகிறது. குதிக்காமல் சேலையையோ வேட்டியையோ கயிற்றையோ வீச வேண்டும், மூடிய காலி பிளாஸ்டிக் குடமோ கேனோ நீரில் ஆளைத் தாங்கும், வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதால் பிரயோஜனம் இல்லை, மூச்சு நின்றிருந்தால் தாமதிக்காமல் வாயோடு வாய் வைத்து ஊதி மார்பை அழுத்த வேண்டும் என்ற இந்த நாலு விஷயங்களையும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நம் பள்ளிகளில் இவற்றைச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரமாவது கிடைக்காதா?

மற்ற தேசங்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்பதில் பயன் உண்டு. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளியை முடிக்கும் பிள்ளை 25 மீட்டராவது நீந்த வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் பகுதி. வாய்க்கால்கள் நிறைந்த நெதர்லாந்தில், உடையும் காலணியும் போட்டபடியே நீந்திக் காட்டிய பிறகுதான் பிள்ளைக்குச் சான்றிதழ் தருகிறார்கள். தவறி விழுகிறவன் நீச்சல் உடையோடு விழுவதில்லை என்ற எளிய உண்மையை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். பாரீஸ் நகரம் 1923-இல் சேன் நதியில் நீந்தத் தடை விதித்தது. நதியைச் சுத்திகரித்து, நீரை நாள்தோறும் பரிசோதித்து, கொடி ஏற்றி நிலைமையை அறிவித்து, 2025 ஜூலையில் மூன்று இடங்களை மக்களுக்குத் திறந்துவிட்டது. இவையெல்லாம் செல்வந்த நாடுகள் என்று தள்ளிவிடுகிறவர்கள் வங்காளதேசத்தைப் பார்க்கட்டும். அங்கே கிராமக் குளத்தின் ஓரத்திலேயே நீருக்குள் மூங்கிலால் தளம் அமைத்துச் சுற்றிலும் அடைப்புக் கட்டி, பிள்ளையின் மார்பளவுக்கு மேல் ஆழம் போகாதபடி செய்து, உள்ளூர் இளைஞர்களையே ஆசிரியர்களாக்கி, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பிழைக்கும் நீச்சல் கற்பித்துவருகிறார்கள். அந்த முயற்சிக்குத் தேவைப்பட்டது மூங்கிலும் கயிறும் மனமும் மட்டுமே.

இந்த வழி நமக்கும் பொருந்தும். ஆனால் நம் மண்ணின் காலக்கணக்கை அனுசரித்துச் செய்ய வேண்டும். பங்குனி, சித்திரையில் நம் ஏரிகளில் பல வெடித்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசி மாதங்களில்தான் அவற்றில் நீர் நின்று தெளியும். ஆகவே நீச்சல் பயிற்சியைக் கோடை விடுமுறைக்கு ஒத்திவைக்காமல், பொங்கலுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் நடத்துவதே இப்பிரதேசத்துக்கு யுக்தமானது. அமிர்த சரோவர் திட்டத்தில் மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகள் என்று 2022-இல் அறிவித்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் உடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் ஒன்றியத்துக்கு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் அகலமான படித்துறை, மார்பளவு ஆழத்தில் மூங்கில் அடைப்பு, மிதவை கோத்த கயிறு, ஆழம் எழுதிய பலகை, நேரம் குறித்த காவலர் ஆகியவற்றைச் சேர்த்தால், தருமபுரியின் ஏழு வட்டங்களிலும் பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் உண்டாகிவிடும். உடற்கல்வி ஆசிரியர்களும் தீயணைப்பு மீட்புத் துறையினரும் பயிற்சி தரலாம். ஒகேனக்கல்லின் பரிசல் ஓட்டிகளுக்குச் சன்மானம் கொடுத்து அழைத்தால் அவர்களைவிடச் சிறந்த ஆசான் கிடைப்பது அரிது. கோடையில், நகரங்களில் உள்ள குளங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை வேளையில் இலவசமாகத் திறந்துவிடலாம்.

இந்த இடங்கள் யாருக்கு என்பதும் முதலிலேயே தீர்மானமாக வேண்டிய விஷயம். அம்பேத்கர் 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது, நீர் பொதுச்சொத்து என்பதை நாட்டுக்கு உணர்த்தத்தான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அரசின் நிதியால் பேணப்படும் கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றை அவற்றின் பெயரையே சொல்லி, சாதி, மதம், பால், பிறந்த இடம் காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்று விதிக்கிறது. தனியார் கிணற்றில் எவர் பிள்ளை இறங்கலாம் என்பது கிணற்றுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. பொதுக் குளத்திலோ அது உரிமை. பெண்களுக்கும் அப்படியே. குடம் கழுவவும் துணி துவைக்கவும் நீரண்டை அதிகம் போகிறவள் பெண். நீச்சல் தெரியாமல் வளர்கிறவளும் அவளே. புறநானூற்றுக் காலத்தில் ஆணோடு சேர்ந்து நீராடிய பெண்ணுக்கு இன்று தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், உடை மாற்ற ஒரு மறைவிடமும், வீட்டார் சம்மதிக்கும்படியான உடையோடு இறங்கும் அனுமதியும் வேண்டும். அவற்றைச் செய்து தருவது சலுகை அன்று, கடமை.

தகடூர் என்று அன்று பெயர் பெற்றிருந்த தருமபுரியை ஆண்ட அதியமானைப் புறநானூற்றின் 94-ஆம் பாட்டில் ஔவையார் புகழும்போது, நீர்த்துறையில் படுத்து ஊர்ச் சிறுவர்கள் தன் தந்தத்தைக் கழுவப் பொறுமையோடு இடங்கொடுக்கும் யானைக்கு அவனை ஒப்பிடுகிறார். சிறுவர் அச்சமின்றி விளையாடும் துறையைக் கண்முன் நிறுத்தித்தான் நம் மண்ணின் அரசனுடைய அருளைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பெருமாட்டிக்குத் தோன்றியிருக்கிறது. அதே மண்ணில் இன்று அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது அப்படியொரு துறையைத்தான்.

அது வரும்வரை, பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்று தடுப்பதால் பிள்ளை போகாமல் இருக்கப் போவதில்லை. சொல்லாமல் போவான், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே ஊரைச் சுற்றி வாருங்கள். எந்தக் கிணற்றுக்குப் படி இல்லை, எந்த ஏரியில் குழி இருக்கிறது, எந்தக் குவாரியை எட்டியும் பார்க்கக் கூடாது என்று காட்டுங்கள். நீச்சல் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, ஆழம் தெரிந்த ஓர் இடத்தில் அவனையும் அவன் தங்கையையும் பழக்குங்கள். பிள்ளை இறங்கும் நீரை அவனுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.